உயரத்துக்கு ஒரு கியர்: போர் விமானங்களின் வேகத்தைத் தீர்மானித்த சிறிய சக்கரம்

1942ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி. தென்மேற்கு இங்கிலாந்துக்கு மேல் நடந்த வான்சண்டைக்குப் பிறகு ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மானிய விமானி திசை மாறிவிட்டார். கீழே தெரிந்த பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று எண்ணி அதைக் கடந்தார். பிரான்சுக்குத் திரும்பிவிட்டதாக நினைத்துக் கண்ணில் பட்ட விமானத் தளத்தில் தரையிறங்கினார். அது வேல்ஸில் உள்ள பெம்பிரி. பிரிட்டிஷ் விமானப் படையின் தளம். பணியில் இருந்த ஒருவர் கைக்கு எட்டிய ஒளிச்சமிக்ஞைத் துப்பாக்கியுடன் ஓடிச் சென்று அவரைச் சிறைப்பிடித்தார்.

பிரிட்டனுக்கு அது புதையல் கிடைத்தது போல. ஃபாபர் ஓட்டி வந்தது ஃபோக்க-வுல்ஃப் 190. முந்தைய ஆண்டு செப்டம்பரில் பிரான்சுக்கு மேல் முதன்முதலாகத் தென்பட்ட அந்த விமானம், அப்போது பிரிட்டனின் முன்னணிப் போர் விமானமாக இருந்த ஸ்பிட்ஃபயர் 5-ஐத் திணறடித்துக்கொண்டிருந்தது. பிரான்சில் உள்ள தளம் ஒன்றுக்குள் இரகசியமாகப் புகுந்து ஒரு விமானத்தைத் திருடி வரலாம் என்றுகூடப் பிரிட்டிஷார் திட்டம் தீட்டியிருந்தார்கள். அதற்குத் தேவையில்லாமல் விமானமே வந்து இறங்கிவிட்டது.

அடுத்த மாதமே அதை ஸ்பிட்ஃபயர்களுடன் பக்கத்தில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். ஸ்பிட்ஃபயர் 5 எல்லா உயரத்திலும் தோற்றது. ஃபோக்க-வுல்ஃப் அதைவிட மணிக்கு 30 முதல் 55 கிலோமீட்டர் வரை வேகமாகப் பறந்தது. ஆனால் அப்போதுதான் படைக்கு வரத் தொடங்கியிருந்த ஸ்பிட்ஃபயர் 9-உடன் ஒப்பிட்டபோது கிடைத்த முடிவு விசித்திரமானது:

2,000 அடியில் ஃபோக்க-வுல்ஃப் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகம் அதிகம்.
5,000 அடியில் இரண்டும் ஏறக்குறைய சமம்.
8,000 அடியில் ஸ்பிட்ஃபயர் 13 கிலோமீட்டர் அதிகம்.
15,000 அடியில் ஸ்பிட்ஃபயர் 8 கிலோமீட்டர் அதிகம்.
18,000 அடியில் மீண்டும் ஃபோக்க-வுல்ஃப் 5 கிலோமீட்டர் அதிகம்.
21,000 அடியில் சமம்.
25,000 அடியில் ஸ்பிட்ஃபயர் 8 முதல் 11 கிலோமீட்டர் அதிகம்.

இந்த ஏழு எண்களையும் நான் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து இணைத்துப் பார்த்தேன். கோடு மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகிறது. எந்த விமானம் வேகமானது என்று கேட்டால் இந்த வரைபடம் ஒரே பதிலைச் சொல்லாது. எந்த உயரத்தில் என்று நம்மைத் திருப்பிக் கேட்கும். அந்த வளைவுகளுக்குக் காரணம் இறக்கையும் அல்ல, விமானியின் திறமையும் அல்ல. எஞ்சினுக்குப் பின்னால் சுழன்ற, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவே இருந்த சக்கரமும் அதைச் சுழற்றிய கியர்களும்தான்.

எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும்

கேமரன் மலைக்கோ கெந்திங் மலைக்கோ போகும்போது பையில் இருக்கும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. பொட்டலத்துக்குள் இருக்கும் காற்று விரிகிறது. கெந்திங் இருக்கும் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 16 விழுக்காடு குறைவு. 6,700 மீட்டரில், அதாவது 22,000 அடியில், அது பாதியாகிவிடுகிறது.

ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின். 12 சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு. நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,000 முறை சுழலும். நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை இழுக்கும். கணக்குப் போட்டால், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 40,500 லிட்டர் காற்று. கடல்மட்டத்தில் அதன் எடை ஏறத்தாழ 50 கிலோகிராம். 22,000 அடியில் அதே கொள்ளளவில் 25 கிலோகிராம்தான் இருக்கும். காற்று பாதியானால் எரிக்கக்கூடிய எரிபொருளும் பாதி. ஆற்றலும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

காற்று மெலிந்தால் விமானத்தை எதிர்க்கும் இழுவிசையும் குறையும் என்பது உண்மை. ஆகவே ஆற்றலைக் குறையாமல் காப்பாற்ற முடிந்தால், மேலே போகப் போக விமானம் இன்னும் வேகமாகப் பறக்கும். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எல்லாரும் துரத்திய பரிசு அதுதான்.

காற்றைத் திணிக்கும் சக்கரம்

அதற்கான கருவி சூப்பர்சார்ஜர். தகடுகள் கொண்ட ஒரு சக்கரம் அதிவேகமாகச் சுழன்று, வரும் காற்றை வெளிப்புறமாக வீசி அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் டர்போ கார்களில் வெளியேறும் புகை இந்த வேலையைச் செய்கிறது. மெர்லினில் எஞ்சினின் முதன்மைத் தண்டே கியர்கள் மூலம் அந்தச் சக்கரத்தைச் சுழற்றியது.

1940ஆம் ஆண்டு பிரிட்டன் சண்டையில் பறந்த மெர்லின் 3-இல் சக்கரத்தின் விட்டம் 26 சென்டிமீட்டர். எஞ்சின் ஒருமுறை சுற்றினால் சக்கரம் சுமார் 8.6 முறை சுற்றும். எஞ்சின் 3,000 என்றால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 25,800 சுழற்சி. அதன் விளிம்பு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் ஓடியது. கடல்மட்டத்தில் ஒலியின் வேகமே நொடிக்கு 340 மீட்டர்தான்.

இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கிலோகிராம் காற்றுக்கும் சக்கரம் கொடுக்கும் ஆற்றல், விளிம்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. அப்படியானால் கியரை இன்னும் பெரிதாக வைத்துச் சக்கரத்தை மேலும் வேகமாகச் சுற்றினால் என்ன?

இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, அந்த ஆற்றல் எஞ்சினிடமிருந்தே பறிக்கப்படுகிறது. அந்த அளவுக்குப் புரொப்பெல்லருக்குப் போக வேண்டிய ஆற்றல் குறையும். மற்றொன்று, அழுத்தும்போது காற்று சூடாகிறது. சூடான கலவை சிலிண்டருக்குள் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினை உடைத்துவிடும்.

அதனால் தரைக்கு அருகே, காற்று அடர்த்தியாக இருக்கும்போது, சூப்பர்சார்ஜர் தேவைக்கு அதிகமாகத் திணிக்காதபடி காற்று வரும் வழியைத் திராட்டில் கதவு பாதி அடைத்து வைக்கும். மேலே ஏற ஏறக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஓர் உயரத்தில் முழுவதும் திறந்துவிடும். அதை முழுத் திராட்டில் உயரம் என்பார்கள். அதற்கு மேல் போனால் திறக்க மேலும் கதவு இல்லை. ஆற்றல் சரியத் தொடங்கும்.

மெர்லின் 3-இன் எண்களைப் பாருங்கள். தரையிலிருந்து கிளம்பும்போது 880 குதிரைத்திறன். 16,250 அடியில் 1,030 குதிரைத்திறன். மேலே போனதும் ஆற்றல் கூடுகிறது! பாதி மூடிய கதவுடன் போராடி வீணான உழைப்பு மேலே மிச்சமாகிறது, வெளிக்காற்றும் குளிர்ந்திருக்கிறது என்பதே காரணம்.

இரண்டு கியர், மூன்று விடை

ஒரே கியர் என்றால் ஒரே ஓர் உயரத்தில்தான் எஞ்சின் சிறப்பாக இயங்கும். மோட்டார்சைக்கிளை மூன்றாவது கியரிலேயே பூட்டிவிட்டு மேட்டிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டச் சொல்வதைப் போன்றது அது. இதற்குப் பொறியாளர்கள் மூன்று விதமாக விடை கண்டார்கள்.

முதலாவது, இரண்டு கியர். பிந்தைய ஹரிக்கேன் விமானங்களில் இருந்த மெர்லின் 20-இல் சக்கரத்துக்கு 8.15, 9.49 என இரண்டு விகிதங்கள். வித்தியாசம் சிறிது போலத் தெரியும். ஆனால் 9.49-ஐ 8.15-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.36 வரும். அதாவது மேல் கியரில் காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் 36 விழுக்காடு அதிகம்.

இரண்டாவது விடை ஜெர்மனியில் பிறந்தது. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் இருந்த டைம்லர்-பென்ஸ் 601 எஞ்சினில் சூப்பர்சார்ஜரை எண்ணெய் நிறைந்த இணைப்பு ஒன்று சுழற்றியது. உயரத்துக்கு ஏற்ப எண்ணெயின் அளவு மாற, சக்கரத்தின் வேகமும் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறியது. கியர் மாற்றமே தேவைப்படவில்லை.

மூன்றாவது, இரண்டு அடுக்கு. ரோல்ஸ்-ராய்சில் இதைச் சாதித்தவர்களில் முக்கியமானவர் ஸ்டான்லி ஹூக்கர். 1938-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் விமான எஞ்சின் நிபுணர் அல்லர், கணிதம் படித்தவர். சூப்பர்சார்ஜர் சோதனை முடிவுகளைக் கணிதத்தால் ஆராய்ந்து, காற்று உள்ளே வரும் பாதையிலேயே ஆற்றல் வீணாவதைக் கண்டுபிடித்தார். அந்தத் திருத்தம் மெர்லினின் முழுத் திராட்டில் உயரத்தை உயர்த்தியது. அடுத்து, ஒரே தண்டில் இரண்டு சக்கரங்களைப் பொருத்தினார்கள். முதல் சக்கரம் அழுத்திய காற்றை இரண்டாவது சக்கரம் மீண்டும் அழுத்தும். சூடான காற்றைக் குளிர்விக்க ஒரு குளிர்விப்பான் சேர்ந்தது. அதற்கும் இரண்டு கியர்கள்.

உயரத்தில் பறக்கும் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்காக உருவான எஞ்சின் அது. ஃபோக்க-வுல்ஃப் கொடுத்த நெருக்கடியில் அதே வகை எஞ்சினை ஸ்பிட்ஃபயரின் மூக்கில் வைத்தபோது பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர் 9. ஸ்பிட்ஃபயர் 5 சுமார் 20,000 அடியில் மணிக்கு 595 கிலோமீட்டரைத் தொட்டது. ஸ்பிட்ஃபயர் 9 ஏறக்குறைய 28,000 அடியில் 655 கிலோமீட்டரைத் தொட்டது. இறக்கை அதேதான். மாறியது எஞ்சின் மூச்சுவிடும் விதம்.

வளைந்த கோட்டின் இரகசியம்

இப்போது அந்த ஏழு எண்களுக்குத் திரும்புவோம். ஃபோக்க-வுல்ஃபின் பிஎம்டபிள்யூ 801 எஞ்சினில் ஓர் அடுக்கு, இரண்டு கியர். அதன் கீழ்க் கியர் தரைக்கு அருகே உச்சத்தில் இருக்கும். மேல் கியர் 18,000 அடியை ஒட்டி உச்சத்தைத் தொடும். ஸ்பிட்ஃபயர் 9-இன் கீழ்க் கியர் 15,000 அடியை ஒட்டியும், மேல் கியர் 27,000 அடியை ஒட்டியும் உச்சத்தைத் தொடும்.

ஆக, 8,000 அடியில் ஃபோக்க-வுல்ஃப் தன் இரண்டு சிகரங்களுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது, ஸ்பிட்ஃபயர் ஏறுமுகத்தில். 18,000 அடியில் நிலைமை தலைகீழ். ஸ்பிட்ஃபயர் கீழ்க் கியரின் உச்சத்தைத் தாண்டி, மேல் கியர் இன்னும் விழாத பள்ளத்தில் தவிக்கிறது. எதிராளி சிகரத்தில் நிற்கிறது. 25,000 அடியில் இரண்டாம் அடுக்கின் பலம் தெரிகிறது.

இரு தரப்பு விமானிகளுக்கும் இது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. எதிரியை எந்த உயரத்துக்கு இழுத்து வந்தால் வெல்லலாம், எந்த உயரத்தில் சண்டையைத் தவிர்க்க வேண்டும் என்பதைக் கியர் விகிதமே முடிவுசெய்தது.

விமானியின் இடது கையில்

கியர் தொழிற்சாலையில் முடிவாகிவிடும். எஞ்சினின் சுழற்சி வேகம் மட்டும் விமானியின் கையில் இருந்தது. ஸ்பிட்ஃபயர் 9-இல் 3,000 சுழற்சியைச் சண்டையில் ஐந்து நிமிடங்களுக்குத்தான் பயன்படுத்தலாம். உயரம் ஏற 2,850. தொடர்ந்து பறக்க 2,650.

சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு கியரால் பிணைந்திருப்பதால், சுழற்சியைக் குறைத்தால் இரண்டு இழப்புகள் ஒன்றாக வரும். நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்று குறையும். சக்கரமும் மெதுவாகி, அதன் அழுத்தும் ஆற்றல் வர்க்கக் கணக்கில் சரியும். 3,000-இலிருந்து 2,650-க்கு வந்தால் சுழற்சி 12 விழுக்காடுதான் குறைகிறது. சக்கரம் காற்றுக்குக் கொடுக்கும் ஆற்றலோ 22 விழுக்காடு குறைந்துவிடுகிறது. முழுத் திராட்டில் உயரமும் கீழே இறங்கிவிடும்.

ஆனாலும் குறைந்த சுழற்சி எரிபொருளை மிச்சப்படுத்தும். 1944-இல் நியூ கினியில், அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடந்து புகழ்பெற்ற சார்ல்ஸ் லிண்ட்பெர்க், அமெரிக்க பி-38 விமானிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். சுழற்சியை 1,600 அளவுக்குக் குறைத்து, காற்றழுத்தத்தை உயர்த்திப் பறந்தால் வெகுதூரம் போய்த் திரும்பலாம் என்று காட்டினார்.

பசிபிக்கில் நன்மை செய்த அதே சிக்கனம் பிரான்சின் வானில் ஆபத்தானது. மெதுவாகப் பறந்துகொண்டிருக்கும் ஸ்பிட்ஃபயர் மீது ஃபோக்க-வுல்ஃப் பாய்ந்தால், வேகம் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் எதிரி நடமாடும் பகுதியில் வேகமாகவே பறக்க வேண்டும் என்று 1942 சோதனை அறிக்கை வலியுறுத்தியது.

சக்கரத்தை வெட்டினால் வேகம் கூடுமா?

கூடியது. ஸ்பிட்ஃபயர் 5 ஒன்பதுடன் போட்டியிட முடியாமல் போனதும், சிலவற்றைத் தாழ்வான உயரத்துக்கென்று மாற்றினார்கள். சூப்பர்சார்ஜர் சக்கரத்தின் விளிம்பை வெட்டி விட்டத்தை 26 சென்டிமீட்டரிலிருந்து 24 ஆக்கினார்கள். சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் இழந்த ஆற்றல் குறைந்தது. காற்று சூடாவதும் குறைந்தது. சில ஆயிரம் அடி உயரத்துக்குள் விமானம் முன்பைவிட வேகமாகப் பறந்தது. மேலே போனால் மூச்சுத் திணறும். ஆனால் மேலே போவது அதன் வேலை இல்லை.

அமெரிக்க மஸ்டாங் இதற்கு எதிர்த்திசையில் போனது. தொடக்கத்தில் அதில் இருந்த அலிசன் எஞ்சினுக்கு ஓர் அடுக்கு, ஒரே கியர். தாழ்வாகப் பறக்கையில் அருமை. 15,000 அடிக்கு மேல் சோர்வு. 1942 ஏப்ரலில் அதை ஓட்டிப் பார்த்த ரோல்ஸ்-ராய்ஸ் விமானி ரோனி ஹார்க்கர், மெர்லினைப் பொருத்தலாம் என்று பரிந்துரைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் மாற்றியமைக்கப்பட்ட விமானம் பறந்தது. 1944-இல் மெர்லின் மஸ்டாங்குகள் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பெர்லின் வரை போய்த் திரும்பின. அலிசன் எஞ்சின் கொண்ட பி-39 விமானத்தை மேற்கில் பலர் ஒதுக்கியபோது, சண்டைகள் பெரும்பாலும் தாழ்வாக நடந்த கிழக்குப் போர்முனையில் சோவியத் விமானிகள் அதை விரும்பி ஓட்டினார்கள் என்பதும் நினைவில் வைக்க வேண்டியது.

கல்லாங் வானில்

நம் வட்டாரத்திலும் இந்தக் கதையின் ஒரு பக்கம் உண்டு. 1941 டிசம்பரில் போர் மலாயாவுக்கு வந்தபோது கல்லாங்கிலும் செம்பவாங்கிலும் இருந்த போர் விமானங்கள் பஃபலோ ரகம். உயரம் ஏறுவதில் அவை மந்தம். மேலே போனால் எரிபொருள் அழுத்தம் குறைந்து, விமானி கையால் பம்ப் அடிக்க வேண்டிய நிலைகூட ஏற்பட்டது.

1942 ஜனவரி 13ஆம் தேதி, பெட்டிகளில் அடைத்த 51 ஹரிக்கேன்கள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் இருந்தது நாம் மேலே பார்த்த இரண்டு கியர் மெர்லின் 20. எதிரே வந்த ஜப்பானிய ஸீரோவின் எஞ்சினுக்கு அப்போது ஒரே கியர்தான். காகிதத்தில் பார்த்தால் உயரத்தில் ஹரிக்கேனுக்கே சாதகம்.

ஆனால் உயரத்தைப் பயன்படுத்த முதலில் அங்கே ஏறிப் போக வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். ஜப்பானியப் படை தீபகற்பத்தில் தெற்கே முன்னேற முன்னேற, அங்கிருந்த ராடார் நிலையங்கள் கைவிடப்பட்டன. எச்சரிக்கை நேரம் சுருங்கியது. ஹரிக்கேன்கள் மேல் கியரின் பலன் கிடைக்கும் உயரத்தை எட்டுமுன்பே, ஸீரோ வளைந்து திரும்புவதில் வல்லமை காட்டும் தாழ்வான வானில் பல சண்டைகள் நடந்தன. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. கியர் கொடுத்த சாதகம், அதை எட்டிப் பிடிக்க நேரம் இல்லாததால் பயன்படாமல் போனது.

ஒற்றை எண்ணை நம்பலாமா?

பொறியியல் மாணவன் என்ற முறையில் இந்தக் கதையில் என்னை அதிகம் ஈர்ப்பது எந்த விமானம் வென்றது என்பதல்ல. அட்டவணையில் அச்சாகும் அதிகபட்ச வேகம் என்ற ஒற்றை எண் எவ்வளவு விஷயங்களை மறைக்கிறது என்பதுதான். அந்த எண் எந்த உயரத்துக்கு உரியது? எத்தனை சுழற்சியில்? எத்தனை நிமிடங்களுக்கு? இந்த மூன்றையும் கேட்காத விமானிக்கு 18,000 அடியில் பதில் கேட்காமலேயே கிடைத்தது.

இயற்பியல் பாடத்தில் வர்க்க விதியும் அடர்த்தியும் வரும்போது, தேர்வுக்குத்தானே என்று தள்ளிவிடத் தோன்றலாம். ஒருமுறை கால்குலேட்டரை எடுத்து 9.49-ஐ 8.15-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்துப் பாருங்கள். பிறகு அந்த ஏழு எண்களையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன் ஹூக்கர் போன்றவர்கள் இரவு பகலாகப் போட்ட கணக்கும், அந்தக் கணக்கை நம்பி வானில் ஏறிய இருபது வயது இளைஞர்களின் நிலையும் அந்தக் கோட்டில் தெரியும்.